ஊசி இல்லாத பாட்டில்

எடுக்கலாம், ஆனால் போடக்கூடாது... விதித்தாளில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் செலின் மேரியின் மனசு நின்றுவிடும், நரம்பில் ஏறியிருக்கும் ஊசியை ஏதாவது கோளாறு என்றால் நர்ஸ் தானே எடுத்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் ஊசியைப் போடுவதற்கு டாக்டர் எழுத வேண்டும், எழுதினால் போதாது, பக்கத்தில் நிற்கவும் வேண்டும், நிறுத்த என்னை நம்புகிறார்கள், தொடங்க நம்பவில்லை, ஏன் அப்படி? தப்பு என்று சொல்ல முடியாது, வயசானவர்களின் நரம்பு தொட்டால் நழுவும், குத்தினால் உடையும், கை ஊதிப்போகும்... மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் இல்லத் தலைவி மதர் அல்போன்சா தட்டச்சு செய்து ஒட்டிய தாள், நரம்பில் ஊசி ஏறி குளுக்கோஸ் பாட்டில் ஓடும்போது நர்ஸ் கட்டிலை விட்டு நகரக்கூடாது, பொழுது சாய்ந்தபின் புது ஊசி ஏற்றக்கூடாது, செய்யப்போவதை நோயாளியிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்... வில்லியனூருக்கு வெளியே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இந்த முதியோர் இல்லத்துக்கு அவள் நர்ஸாக வந்த புதிதில் இந்தத் தாள் இல்லை, எங்கேயோ ஓர் இல்லத்தில் ஒரு கிழவருக்கு பாட்டிலை வேகமாகத் திறந்துவிட்டு நர்ஸ் சாப்பிடப் போனாளாம், திரும்பி வந்தபோது அவர் வாயில் நுரை, அதைக் கேள்விப்பட்ட வாரமே மதர் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இப்போது அந்தத் தாளில் இல்லாத ஒன்றை செலின் மேரி தேடிக்கொண்டிருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால், இங்கே நோயில் படுத்திருக்கும் தையலம்மாளின் மகன் அரங்கநாதன் நிற்கிறான், திருபுவனை தொழிற்பேட்டையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, இன்னா நர்சம்மா, முடியுமா முடியாதா, என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறான்.

பாட்டில் ஏற்ற முடியாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது, சொன்னது அவள்கூட இல்லை, டாக்டர் சுப்புராயன், காலையில் வந்து பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் தொங்கிய தையலம்மாளின் காலை விரலால் அழுத்தினார், அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது, வெந்நீரில் பிசைந்த மாவு மாதிரி, இருதயம் சோர்ந்துபோச்சு அரங்கநாதன், உடம்புல இருக்கிற தண்ணியையே அதால தள்ள முடியல, இதுக்கு மேல பாட்டில் ஏத்தினா தண்ணி நுரையீரலுக்குத்தான் போகும், மாத்திரை எழுதியிருக்கேன், தலையணை அடுக்கி நிமிர்த்தி உக்கார வைங்க, உப்பு வேணாம், எத்தினி நாள் ஓடுதோ ஓடட்டும், என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அரங்கநாதனும் அப்போது தலையை ஆட்டினான், புரிந்தவன் மாதிரிதான் ஆட்டினான், ஆனால் மத்தியானம் திரும்பி வந்து நிற்கிறான், ஏனென்றால் மாமா வருகிறார், தையலம்மாளின் தம்பி சிங்காரவேலு, அபிஷேகப்பாக்கத்தில் நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருப்பவர், பெற்ற தாயைக் கொண்டுபோய்ச் சாமியாரம்மாக்களிடம் விட்டவன் என்று இரண்டு வருஷமாக அரங்கநாதனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதவர், இன்றைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார், டாக்சி எடுத்துகினு வரேன், அங்க ஒரு பாட்டில்கூட ஏத்தாம அக்காவப் போட்டு வச்சிருந்தா தூக்கிகினு போயி டவுன்ல சேத்துடுவேன், ஏத்துற எடமா பாத்து சேப்பேன். தூக்கிக்கொண்டு போனால்? செலின் மேரி நினைத்துப் பார்க்கிறாள், அம்பாசிடர் காரின் பின் சீட்டில் படுக்கவைத்து, படுத்தாலே மூச்சு முட்டும் அந்த உடம்பை, அந்த ரோட்டில்... டவுன்வரைக்கும் தாங்குமா? தாங்கினாலும், கேட்டவுடன் பாட்டிலைக் கட்டிவிடுகிற இடங்கள் இல்லாமலா இருக்கின்றன, கட்டிவிடுவார்கள், வேகமாகவும் விடுவார்கள்.

அதற்குத்தான் அவன் கேட்கிறான், சும்மா கட்டி வைங்க நர்சம்மா. முதலில் அவளுக்குப் புரியவில்லை, சும்மான்னா? ஊசி வேணாம், பாட்டிலு தொங்கட்டும், குழாய் கைவரைக்கும் வரட்டும், மேல பிளாஸ்திரி ஒட்டிடுங்க, அவரு வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான், என்று சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தே சொன்னான். கோபம் வரவேண்டிய இடம், ஆனால் வரவில்லை, வந்தது ஓர் ஆச்சரியம், இப்படி ஒன்றை நான் யோசித்ததே இல்லையே, பாட்டில் இருக்கும், குழாய் இருக்கும், கை இருக்கும், நடுவில் அந்த மெல்லிய இரும்பு மட்டும் இருக்காது, அப்போது அது என்ன, அதற்கு என்ன பெயர்? தாளில் மறுபடியும் மேலிருந்து கீழே படிக்கிறாள், நரம்பில் ஊசி ஏற்றும் முன், நரம்பில் ஊசி ஏற்றும்போது, நரம்பில் ஏறிய ஊசியை எடுக்கும்போது... ஒவ்வொரு விதியும் ஊசியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, ஊசியை எடுத்துவிட்டால் எல்லா விதியும் இவளை விட்டுவிடுகிறது, அப்படியென்றால் செய்யலாமா, செய்யக்கூடாது என்று யாரும் எழுதவில்லை என்பதாலேயே ஒன்றைச் செய்யலாமா? அப்பாவின் ஞாபகம் ஏன் இப்போது வருகிறது, அப்பா தனிஸ்லாஸ் செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா முதலில் சொன்னது அதைத்தான், பாட்டில் பாட்டிலா ஏத்தினோம், கொறை வைக்கல, வந்தவர்களும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள், ஜெபம் சொல்லி முடித்த மாதிரி ஓர் அமைதி அவர்கள் முகத்தில் இருந்தது, செலின் மேரி அப்போது நர்ஸ் படிப்பில் முதல் வருஷம், கடைசிப் பாட்டில் கட்டும்போது அப்பாவின் கை ஏற்கனவே குளிர்ந்திருந்தது அவளுக்குத் தெரியும், யாருக்காகக் கட்டினார்கள் அதை என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்குத் தோன்றுகிறது, அம்மாவுக்காகவா, ஊருக்காகவா, இல்லை எனக்காகவா...

மதரைக் கேட்டுவிடலாம். மதர் அல்போன்சா தையல் அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைப் பிரித்து நல்ல துணியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார், கேட்டு முடிக்கும்வரை கத்தரிக்கோல் நிற்கவில்லை, முடித்ததும் நின்றது. ஊசி உண்டா, என்றார். இல்லை மதர். அப்போ அது ட்ரிப் இல்ல, ட்ரிப் இல்லாததுக்கு என்னைக் கேக்க வேண்டியதில்ல. பொய் இல்லையா மதர், என்று செலின் மேரி கேட்டாள், கேட்டுவிட்டு ஏன் கேட்டோம் என்றிருந்தது. மதர் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணாடி இல்லாத மதரின் முகம் வேறு யாரோ மாதிரி, களைத்துப்போன ஒரு கிராமத்துப் பெண் மாதிரி இருந்தது, ஏத்தறியான்னு யாராவது உன்னைக் கேட்டா ஏத்தறேன்னு சொல்லாதே, அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அந்தம்மாவ டாக்சில ஏத்திடாதே, அது நிச்சயமாத் தெரியும், என்று சொல்லிவிட்டுத் துணியைத் திருப்பினார். இது அனுமதியா? பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது, இதை எப்படிச் சொல்வது, என்ன பெயரில் சொல்வது, சாமியாரே கேட்பாரே, என்னம்மா பண்ணினே என்று, நான் ஒண்ணும் பண்ணலை சாமி, பிளாஸ்திரி ஒட்டினேன்... சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அலமாரிக்குப் போனாள், குடிதண்ணீர் பிடித்து வைக்கக் கழுவி வைத்திருந்த பழைய சலைன் பாட்டில்களில் லேபிள் கிழியாத ஒன்றைத் தேடி எடுத்தாள், ஆறின வெந்நீரை ஊற்றி ரப்பர் மூடியை அழுத்தினாள், கொதிக்கவைத்த குழாய் ஒன்றைச் சொருகினாள், கைகள் தாமாகவே குழாயிலிருந்த காற்றை வெளியே விட்டன, ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தன, எதற்கு? எங்கே போகப்போகிறது இந்தக் குமிழி? ஆனாலும் பார்த்தாள், முழுக்கப் பார்த்து முடிக்காமல் அவளால் குழாயின் திருகை மூட முடியவில்லை.

தையலம்மாள் மூன்று தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு காய்ந்திருந்தது, ஒவ்வொரு மூச்சும் ஏதோ மூட்டையைத் தூக்கி இறக்குகிற மாதிரி, காது கொஞ்சம் மந்தம், எவ்வளவு மந்தம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, வேண்டாததற்கு அதிகமாகவும் வேண்டியதற்குக் குறைவாகவும் இருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் சொல்வார்கள். இங்கேதான் செலின் மேரி தயங்கினாள், செய்யப்போவதை நோயாளியிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும், ஊசி என்ற சொல் இல்லாத ஒரே விதி இதுதான், இது இன்றைக்கும் என்னை விடவில்லை, என்ன சொல்வது? குளுக்கோஸ் ஏற்றப்போகிறேன் என்றால் பொய், உன் தம்பியை ஏமாற்றப்போகிறோம் என்று மகன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது, அதை இந்த நெஞ்சு தாங்குமா... கடைசியில் குனிந்து காதுக்குப் பக்கத்தில் சத்தமாகச் சொன்னாள், பெரியம்மா, கையில ஒரு குழாய் ஒட்டப்போறேன். தையலம்மாள் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஒட்டேன், என்றாள், அவ்வளவுதான், இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பலகை வைத்துத் துணியால் கட்டி, குழாயின் முனையைப் பஞ்சுக்குள் மறைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டி முடித்தபோது செலின் மேரியே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள், இவ்வளவு ஒழுங்காக அவள் எந்த நிஜமான பாட்டிலையும் கட்டியதில்லை.

டாக்சி வந்து நின்ற சத்தம் கேட்டது. சிங்காரவேலு வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார், பின்னால் அவர் மனைவி அம்சவள்ளி, கையில் வாழைப்பழச் சீப்பு, செருப்பை எங்கே விடுவது என்று வாசலில் கொஞ்சம் தடுமாறினாள், சிங்காரவேலு தடுமாறவில்லை, நேரே வந்தார், சண்டைக்கு வருகிற நடை, கட்டிலுக்கு நாலைந்து அடி முன்னால் அந்த நடை அறுந்துவிட்டது, கண் பாட்டிலில் நின்றது, பாட்டிலிலிருந்து குழாய் வழியாக இறங்கி அக்காவின் கைக்கு வந்தது, கையிலிருந்து முகத்துக்கு, செலின் மேரி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள், ஒரு மனுஷனின் தோள் அப்படி இறங்குவதை அவள் பார்த்ததில்லை, கோபத்தை அதுவரை அந்தத் தோள்தான் சுமந்துகொண்டு வந்ததோ. ஏத்துறாங்களாக்கா, என்றார் அக்காவிடம், தையலம்மாள் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்தாள், எவ்வளவு நரைச்சிட்டே, என்றாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், பத்திரமாகத்தான் அழுதாள், பாட்டில் கட்டியிருக்கிற வீட்டில் எவ்வளவு அழலாமோ அவ்வளவு. பிறகு சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்தார், பார்த்த இடம் குழாயின் மேல்பாகத்தில் இருக்கும் கண்ணாடிக் குமிழ், சொட்டு விழுகிற இடம், அங்கே எதுவும் விழவில்லை. செலின் மேரிக்கு அப்போதுதான் உறைத்தது, திருகை இறுக மூடியிருக்கிறேன், மூடாமல் எப்படி, திறந்தால் படுக்கை நனையுமே, இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை...

இன்னா நர்சம்மா, சொட்டு எறங்கலயே. கேட்டுவிட்டார். அரங்கநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் வாயைத் திறந்தாள், மதர் சொன்னது காதில் இருந்தது, ஏத்தறேன்னு சொல்லாதே, ஏற்றவில்லை என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்கவேண்டுமே, தமிழில் இல்லாமலா போகும், தேடுகிறாள், அது வரவில்லை, அதற்குள் தையலம்மாளின் குரல் வந்தது, மூச்சுக்கு நடுவில் துண்டு துண்டாக, நிறுத்தி வச்சிருக்காங்கடா... வேகமாப் போனா... நெஞ்சை அடைக்குமாம்... டாக்டரு சொன்னாரு... நீ சும்மா இரு. சிங்காரவேலு உடனே தலையை ஆட்டினார், ஆமாமா, மெதுவாத்தான் விடணும், நம்ம பெரிய மருமவனுக்குக்கூட அப்பிடித்தான், என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார், அம்சவள்ளி பழத்தை உரித்தாள், பேச்சு மழை, கரும்பு, யாரோ ஒருத்தியின் வளைகாப்பு என்று போனது. செலின் மேரிக்கு எதுவும் காதில் விழவில்லை, டாக்டர் சொன்னாரு... ஆமாம், டாக்டர் சொன்னது உண்மை, வேகமாகப் போனால் நெஞ்சை அடைக்கும் என்பதும் உண்மை, நிறுத்தி வைத்திருப்பதும் உண்மைதானே, அந்தக் கிழவி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, காலையில் டாக்டர் பேசும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா இருந்தாள், அப்படியென்றால் இந்தக் குழாயைப் பற்றி எவ்வளவு தெரியும் இவளுக்கு? பலகையில் கட்டிய கையைப் பார்த்தாள், அது அசையவே இல்லை, வலது கை பேச்சுக்கு ஏற்ப எழுந்து தம்பியின் முழங்காலைத் தொட்டது, பழத்தை வேண்டாம் என்று தள்ளியது, நெற்றியைத் துடைத்தது, இடது கை மட்டும் ஊசி ஏறிய கை எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே, விரலைக்கூட மடக்காமல் கிடந்தது. நடிப்பா? நடிப்பென்றால் மகனுக்காகவா, தம்பிக்காகவா? நம்பிக்கையா? நம்பிக்கையென்றால் குத்தின வலியே இல்லாமல் ஊசி எப்படி ஏறும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காதா? ஒருவேளை இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷியிடம் இருக்க முடியுமோ...

வெயில் தாழ்ந்தபோது அவர்கள் புறப்பட்டார்கள். டாக்சியில் ஏறுவதற்கு முன் சிங்காரவேலு அரங்கநாதனைத் தனியாகக் கூப்பிட்டார், வேப்பமரத்தடியில் நின்று என்னவோ சொன்னார், வராந்தாவிலிருந்த செலின் மேரிக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும் கேட்டன, ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா, ஒன் அத்தை சோறு போடுவா, நீ செய்யவேண்டியதைத்தான் செஞ்சிருக்கே, எவனும் கொறை சொல்ல முடியாது. கார் போன பிறகும் அரங்கநாதன் அங்கேயே நின்றான், பிறகு வந்து வராந்தாப் படியில் உட்கார்ந்தான், எண்ணெய்க் கறைச் சட்டையால் முகத்தைத் துடைத்தான், நான் ஒண்ணுமே செய்யல நர்சம்மா, என்றான், அம்மாவ இங்க கொண்டுவந்து வெச்சிருக்கே, வந்து பாக்குறே, என்றாள் அவள், அது போதுமா என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவளுக்கும் தெரியாது. ஷிப்டுக்கு மீதி நேரமாவது போகணும் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான், உள்ளே போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டானா, ஆமாம், வாசலில் நின்று வரேம்மா என்றான், ஆனால் கட்டில்வரைக்கும் போகவில்லை.

இப்போது எடுக்கவேண்டும். எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், கட்டிலில் உட்கார்ந்து முதலில் நாடியைப் பிடித்தாள், காலையில் ஓடின ஓட்டம் இல்லை, கொஞ்சம் அடங்கியிருந்தது, மூச்சும் அப்படியே, மூட்டை கொஞ்சம் லேசான மாதிரி, டாக்டரின் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், அப்படித்தான் இருக்கவேண்டும், வேறென்ன இருக்கப்போகிறது, இரண்டு வருஷம் பேசாத தம்பி வந்து உட்கார்ந்தது நரம்பு வழியாக ஏறுமா என்ன, அப்படி ஏதாவது ஏறினால் அதைத் தாளில் எந்த விதியின் கீழ் எழுதுவார் மதர்? பலகையின் கட்டைப் பிரித்தாள். பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். மெதுவாம்மா, என்றாள் தையலம்மாள், ஊசி இருக்கு. செலின் மேரி நிமிர்ந்து பார்த்தாள், கிழவியின் முகத்தில் எதுவும் இல்லை, சிரிப்பு இல்லை, பயம் இல்லை, கண் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, நேராக, கேட்டுவிடலாமா, பெரியம்மா உனக்குத் தெரியுமா தெரியாதா என்று, ஒரே கேள்விதான், கேட்டால் என்ன வரும், தெரியும் என்று வந்தால் அதற்குப் பிறகு இந்த அறையில் என்ன மிஞ்சும், தெரியாது என்று வந்தால் நான் என்ன ஆவேன்... மெதுவாத்தான் எடுக்குறேன், வலிக்காது, என்று சொல்லியேவிட்டாள், அது அவள் வாயிலிருந்து தானாக வந்தது, குழாயைச் சாய்த்து, தோலோடு ஒட்டினாற்போல, ஊசியை எப்படி இழுப்பாளோ அப்படியே இழுத்தாள், இழுத்த மறுகணமே அந்த இடத்தில் பஞ்சை வைத்து விரலால் அழுத்தினாள், தையலம்மாள் முழங்கையை மடக்கிக்கொண்டாள், பஞ்சுக்கு அடியில் துளை எதுவும் இல்லை, ரத்தம் வரப்போவதில்லை, செலின் மேரிக்குத் தெரியும், தெரிந்தும் விரலை எடுக்க முடியவில்லை, விரலுக்கு அடியில் அந்த நரம்பு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது, நிற்கவேண்டிய ரத்தம் எதுவும் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.